ஈர வலை

ஃபோர்க் ஏரியில் மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. பட்டை உரிந்து வெளுத்துப்போன வெறும் கட்டைகள். டல்லாஸ் நகருக்குக் கிழக்கே, 1980இல் அணை முடிந்து தண்ணீர் ஏறியபோது, காட்டின் ஒரு பகுதியை வெட்டாமலே மூழ்கவிட்டார்கள். அந்தக் கட்டைகளின் தூரில்தான் பாஸ் மீன் பதுங்கியிருக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீனான 18.18 பவுண்டு பாஸ், 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் பிடிபட்டது. அதனால் மார்ச் மாத விடியலில், குளிர் விலகுமுன்பே, படகு இறக்கும் சரிவில் வண்டிகள் வரிசைகட்டிவிடுகின்றன.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு படகு. முன்தளத்தில் பெரியவர், எழுபது தாண்டியிருக்கும். மின்மோட்டாரின் மிதியைக் காலால் அழுத்தியும் விட்டும் கட்டைகளுக்கிடையே படகை நகர்த்துகிறார். பின்னால் பேத்தி, பன்னிரண்டு பதின்மூன்று வயது. இருவருக்கும் நடுவே நீளக் கைப்பிடி போட்ட வலையொன்று கிடக்கிறது. முடிச்சில்லாத கண்கள், மேலே கறுப்பு ரப்பர் பூச்சு. காலையிலிருந்து பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். தண்ணீர்மேல் குரல் நன்றாகவே வருகிறது.

“அதை உள்ளே வைத்துவிடலாமே, தாத்தா.”

“ஏன்?”

“டிவியில் யாருமே வலை வைத்துக்கொள்வதில்லை.”

உண்மைதான். டிவியில் காட்டும் பாஸ்மாஸ்டர் எலைட் மீன்பிடிப் போட்டிகளில் வலைக்கு அனுமதி இல்லை. வீரர்கள் மண்டியிட்டு, சில சமயம் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, மீனின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றித் தூக்குகிறார்கள். அல்லது கோலை வளைத்து, ஒரே வீச்சில் மீனைப் படகுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். கடைசி நொடியில் முள் கழன்றால் மீனோடு பரிசும் போகும். அந்தப் பதைபதைப்புக்காகவே ஊர் கூடிப் பார்க்கிறது, அதில் தவறென்ன? ஆனால் அந்த விதி ஆளுக்கு ஆள் திறமையை அளக்கப் போட்டது. அன்றாடம் ஏரிக்கு வருகிறவர் அதற்குக் கட்டுப்படவேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. மேஜர் லீக் ஃபிஷிங் என்ற இன்னொரு அமைப்பின் முதன்மைத் தொடரிலும் வலை கூடாது. ஆனால் அங்கே பிடித்த மீனைப் படகின் தரையில் விழவிட்டால் தண்டனை உண்டு, சில நிமிடங்களுக்குத் தூண்டில் போட முடியாது. மீன் அடிபடுவது அங்கே யாருக்கோ உறுத்தியிருக்கிறது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கிறது.

பெரியவர் வாதாடவில்லை. “மீன் வரட்டும், பார்ப்போம்.”

வந்தது. பேத்தியின் கோல் திடீரென்று தண்ணீரைப் பார்த்து வளைந்தது. ரீல் கிறீச்சிட்டு நரம்பை விட்டது. மீன் நேரே கட்டைகளை நோக்கி ஓடியது. பெரியவர் மிதியை அழுத்திப் படகைப் பின்னுக்கு இழுத்தார். சட்டென்று தண்ணீர் பிளந்து மேலே எழும்பியது பாஸ். அகலத் திறந்த வாய், பச்சை முதுகு, முட்டை நிறைந்து உப்பிய வயிறு. அந்தரத்தில் தலையை இப்படியும் அப்படியும் உதறியபோது, போலி இரை கடகடவென்று தாடையில் மோதும் சத்தம் கரைவரை கேட்டது.

அந்த இரையில் இரண்டு கொத்து முள், கொத்துக்கு மூன்று. முன்கொத்து வாய்க்குள் மாட்டியிருக்க, பின்கொத்து வெளியே ஊசலாடியது. மீன் களைத்துப் படகோரம் வந்ததும் பேத்தி மண்டியிட்டுக் கையை நீட்டினாள். டிவியில் பார்த்ததுபோலவே, கட்டைவிரலை முன்னே கொடுத்து. அந்த வாயோரத்தில், ஊசலாடும் மூன்று முட்கள்.

“கையை எடு.”

அதட்டல் இல்லை, உரத்த குரலும் இல்லை, அவள் எடுத்துவிட்டாள். அதற்குள் வலை தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பலபேர் இந்த இடத்தில்தான் மீனைக் கோட்டைவிடுகிறார்கள்: மீனைத் துரத்தி வாலில் வலையை இடிப்பார்கள், மிரண்ட மீன் உதறிக்கொண்டு போய்விடும். பெரியவர் வலையை அசையாமல் பிடித்திருந்தார். “தலையை இந்தப் பக்கம் கொண்டுவா. மெதுவாக.” பேத்தி கோலைச் சாய்க்க, மீன் தலை முதலில் தானாகவே வலைக்குள் போயிற்று.

பிறகும் அவர் அதைப் படகுக்குள் தூக்கவில்லை. வலை தண்ணீரிலேயே தொங்க, மீன் அதற்குள் செவுள் அசைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நீளமூக்குக் குறடால் முன்கொத்தைக் கழற்றினார். பின்கொத்து வலைக்கண்ணில் சிக்கியிருந்தது. வலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. ரப்பர் பூசிய வலையில் கொஞ்சம் குறைவு. பேத்தி பொறுமையிழந்து கால் மாற்றி நின்றாள். அவர் அவசரப்படவில்லை.

பிறகு கையை நனைத்துக்கொண்டார். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றுக்கு அடியில். அளவுப்பலகையும் ஈரம். “இருபத்தொன்று.”

இந்த ஏரியின் சட்டப்படி 16 அங்குலத்துக்கு மேல், 24க்குக் கீழ் உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். வலை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு என் பதில் இந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. விட்டாக வேண்டிய மீனை எந்த நிலையில் விடுகிறோம்? மீன் உடம்பின் வழும்புதான் அதற்குக் கவசம். கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பது அது. பழைய முடிச்சுபோட்ட நைலான் வலை அதை வழித்தெடுக்கும், துடுப்பையும் கிழிக்கும். அப்படிப்பட்ட வலையை வைத்திருப்பதைவிட வெறுங்கையே மேல். காய்ந்த கையும் படகுத்தரைக் கம்பளமும் அதே கேட்டைத்தான் செய்கின்றன. கனத்த மீனைப் படம் எடுப்பதற்காகத் தாடையை மட்டும் பற்றிச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார்களே, அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அத்தனை பாரத்தையும் அந்த ஒரு தாடை தாங்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏரிக்கு உயிரோடு திரும்பும் மீனின் அருமை தெரியும். 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற மீன்பிடி வழிகாட்டி இங்கே 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். மாநில வனவிலங்குத் துறை அப்போதுதான் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது: 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பெண் மீனை உயிரோடு இரவல் வாங்கி, முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுவது. அந்தத் திட்டத்துக்கு வந்த முதல் மீன் அதுதான். எதெல் என்று பெயரிட்டார்கள். பிறகு மிசூரியில் ஒரு காட்சித்தொட்டியில் 1994 வரை வாழ்ந்தது. தூண்டிலிலிருந்து கழற்றிய கைகள் முரடாக இருந்திருந்தால் அந்த எட்டு ஆண்டு ஏது?

பெரியவர் மீனைத் தண்ணீரில் தாழ்த்திப் பிடித்தார். அது வாலை ஒருமுறை சுழற்றி அவர் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. பேத்தி கைதட்டினாள்.

அடுத்து அவள் ரப்பர் புழு கட்டினாள், ஒற்றை முள். சிறிது நேரத்தில் சின்ன மீனொன்று மாட்டியது. இந்த முறை அவளே வலைக்குக் கை நீட்டினாள்.

“இதற்கு எதற்கு? ஒற்றை முள், சின்ன மீன். வலைக்குள் புரளவிட்டால்தான் அதிகம் அடிபடும். கையை நனைத்துக்கொண்டு பிடி.”

நனைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தாடையைப் பற்றித் தூக்கியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டிவிக்காரர்களெல்லாம் எம்மாத்திரம். பலகையில் வைத்து அவளே அளந்தாள். பதின்மூன்று அங்குலம்.

“பதினாறுக்குள்தான் இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். உன் மீன்.”

அவள் மீனைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

“மதியத்துக்கு இது ஒன்று போதாது, தாத்தா. அந்தக் கட்டைப் பக்கம் படகை விடுங்கள்.”