கழுவினாலும் போகாத புள்ளி

எங்கள் வீட்டுச் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் நான்கு வெள்ளைக் கோப்பைகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்களுக்கு உம்மா அவற்றில் தேநீர் கொடுப்பதில்லை. ஒன்றில் என் தம்பியின் பெயர், கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலம் மாறிக் கிடக்கிறது. இன்னொன்றில் ரோசாப்பூவின் ஒரு பாதி மட்டும் சிவந்திருக்கிறது. மூன்றாவதில் நிறமெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது. நான்காவதில் ஈரச் சுவரில் பூத்த பூஞ்சணம் போலத் திட்டுத்திட்டாக நிறம் பரவியிருக்கிறது. நான்கையும் கெடுத்தவள் நான்தான். நான் கெடுத்த ஐந்தாவது கோப்பை எங்கள் வீட்டில் இல்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதல் நான்கையும் சொல்லாமல் ஐந்தாவதைச் சொல்ல முடியாது.

நாங்கள் அம்பிட்டியவில் ஒரு சரிவான ஒழுங்கையில் வசிக்கிறோம். வாப்பா கண்டி நகரில் குடைகளும் பாடசாலைப் பைகளும் விற்கிறார். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் விழுந்த வியாபாரம் இன்னும் முழுமையாக எழும்பவில்லை. உம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். அவர் மாதாமாதம் கட்டி வந்த சீட்டு 2025 ஜனவரியில் எங்களுக்கு விழுந்தது. 40,000 ரூபாய். ஒழுகும் கூரைக்குத் தகடு மாற்றுவதற்காக அந்தப் பணத்தை உம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் கேட்டேன்.

தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அவளுடைய பெயர் அச்சிட்ட கோப்பையொன்றை நகரத்தில் வாங்கியபோது எனக்கு அந்த ஆசை வந்தது. கடைக்காரர் ஒரு தாளைக் கோப்பையில் சுற்றி இயந்திரத்தில் இறுக்கினார். மூன்று நிமிடத்தில் பெயர் கோப்பைக்கு மாறியிருந்தது. தாளிலே மங்கலாக இருந்த நிறம் கோப்பையில் பளிச்சென்று எழுந்ததைப் பார்த்ததும், இதை நானும் செய்யலாமே என்று தோன்றியது. பல இரவுகள் உம்மாவிடம் அதையே பேசினேன். கடைசியில் உம்மா, "மழைக்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு வாளி வைப்பம்" என்றார். அவர் சம்மதம் சொன்ன விதம் அதுதான்.

கோப்பைக்கான இயந்திரம் 32,000 ரூபாய். அச்சுப்பொறி வாங்கப் பணமில்லை. ஆகவே படங்களைக் கணினியில் நான் வடிவமைத்து, அதற்குரிய மை உள்ள ஒரு கடையில் தாளில் அச்சிட்டு வாங்கினேன். ஒரு தாளில் மூன்று கோப்பைக்குரிய படங்கள் அடங்கும். தாள் ஒன்று 300 ரூபாய். வெற்றுக் கோப்பைகள் பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டி 5,400 ரூபாய். அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கைகளாலும் அணைத்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த அச்சுமுறையின் அடிப்படை நமது விஞ்ஞானப் பாடத்திலேயே இருக்கிறது. அயடீன் பளிங்குகளைச் சூடாக்கும்போது அவை திரவமாக நிற்காமல் ஊதாநிற ஆவியாக எழுவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவே பதங்கமாதல். தாளிலுள்ள சாயமும் அப்படித்தான். ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் அது ஆவியாகிக் கோப்பையின் மேற்பூச்சுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த மேற்பூச்சு பொலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. சூட்டில் அது இளகிச் சாயத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆறியதும் சாயத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. 1957இல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த நொயல் டி பிளாஸ் என்பவர் துணிகளுக்காகக் கண்டறிந்த முறை இது என்று சொல்லப்படுகிறது. பொலியெஸ்டர் துணியில் நன்றாகப் பிடிக்கும் இந்தச் சாயம் பருத்தியில் நிலைக்காததற்கும் காரணம் இதுதான்.

பூச்சில்லாத சாதாரணக் கோப்பை இதற்கு உதவாது. அதன் மேற்பரப்பு கண்ணாடி போன்றது. சாயம் உள்ளே போக வழியில்லை. மாத்தளையில் 1972இல் தொடங்கப்பட்ட நொரிடாக்கே லங்கா தொழிற்சாலையைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அத்தகைய பீங்கான் பாத்திரங்களின் பூ வேலைப்பாட்டுக்கு வேறுவகை நிறங்களைப் பதித்துச் சூளையில் மிக உயர்ந்த வெப்பத்தில் சுடுவார்கள். மூன்று நிமிட இயந்திரம் அந்த வேலையைச் செய்யாது. இதை நம்பாமல், சமையலறையிலிருந்த பழைய கோப்பையொன்றில் செய்து பார்த்தேன். சவர்க்காரம் போட்டு ஒரு முறை கழுவியதும் படம் போய்விட்டது. உம்மாவுக்கு அவருடைய கோப்பை பழையபடி திரும்பக் கிடைத்தது.

இனி அந்த நான்கு கோப்பைகள். தாளில் படம் இடம் வலம் மாறி அச்சாக வேண்டும். அப்போதுதான் கோப்பையில் நேராக விழும். அதை நான் மறந்ததால் முதலாவது கெட்டது. இரண்டாவதில் படத்தைக் கைபிடி வரை இழுத்துவிட்டேன். இயந்திரத்தின் சூடான பட்டி கைபிடியின் ஓரத்தில் இறுகத் தொடுவதில்லை. அதனால் பூவின் ஒரு பாதி வரவில்லை.

மூன்றாவது கெட்டது ஒரு குரங்கால் என்றால் சிரிப்பீர்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இயந்திரத்தில் கோப்பையை வைத்து ஒரு நிமிடமும் ஆகவில்லை, மின்சாரம் நின்றது. நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னதாகப் பின்னர் செய்தியில் கேட்டோம். பாணந்துறையில் குரங்கு தாவ, அம்பிட்டியவில் என் கோப்பை வெளிறிப் போனது. நான்காவது கெட்டது எங்கள் ஊரின் பனியால். திறந்து வைத்திருந்த தாள் இரவில் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. சூட்டில் அந்த ஈரம் நீராவியாகிச் சாயத்தைத் திட்டுத்திட்டாகக் கலைத்துவிட்டது.

ஒவ்வொன்றையும் கணக்குக் கொப்பியில் "கெட்டவை" என்ற நிரலில் காரணத்தோடு எழுதினேன். அப்படி எழுதச் சொன்னவர் வாப்பா. "நட்டத்த எழுதாத யாவாரிக்கு லாபமும் வெளங்காது மகள்" என்பார்.

மற்றக் கோப்பைகளில் ஏழு நன்றாக வந்தன. ஒன்று 1,200 ரூபாய்ப்படி அயலிலும் பாடசாலைத் தோழிகளிடமும் விற்றேன். பெட்டியில் பன்னிரண்டாவது கோப்பை மட்டும் மிஞ்சியது.

எங்கள் ஒழுங்கையின் மேல்முனையில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் மௌத்தாகிவிட்டார். ஒரே மகன் மூன்று வருடங்களாகக் கத்தாரில் வேலை செய்கிறார். மகனின் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு மாமி சொன்னார், "மகன்ட முகத்தப் பாத்துக்கிட்டுக் காலத் தேத்தண்ணியக் குடிக்கோணும்."

மிகக் கவனமாகச் செய்தேன். படத்தை மாற்றி அச்சிட்டேன். தாளை முதலில் காய வைத்தேன். கைபிடிக்கு இடம் விட்டேன். வெப்பம் தாங்கும் நாடாவால் தாளை இறுக்கி ஒட்டினேன். மூன்று நிமிடம் கழித்துத் தாளை உரித்தபோது முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டேன், வலது கன்னத்தில் கடுகளவு நீலப் புள்ளி. உம்மா தைக்கும் அறையில்தான் என் இயந்திரமும் இருக்கிறது. துணியிலிருந்து பறந்த ஒரு நார், தலைமயிரைவிட மெல்லியது, கோப்பைக்கும் தாளுக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சாயம் சேர்ந்துவிட்டது.

வேறு கோப்பை இல்லை. புதிய பெட்டி வாங்க அந்த 1,200 ரூபாயும் தேவைப்பட்டது. கூரையின் நினைப்பும் வந்தது. சிறிய புள்ளிதானே, மாமியின் வயதுக்குக் கண்ணில் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி விரித்துப் பார்த்து, மகனின் முகத்தை விரலால் தடவினார். பணத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் இரவு சாப்பிடும்போது தம்பி வாயைத் திறந்தான். "தாத்தா செஞ்ச கோப்பையில அந்த நானாட கன்னத்துல நீல மச்சம் ஈந்திச்சி."

வாப்பா என்னைப் பார்த்தார். "அத மாமிக்குச் சொன்னீங்களா மகள்?"

நான் பதில் சொல்லவில்லை. வாப்பா கோபிக்கவுமில்லை, மேலும் கேட்கவுமில்லை. கம்பி வளைந்த குடைகளைக் கடையில் அவர் வேறாக வைத்திருப்பார். யாராவது அதைக் கையில் எடுத்தால், விலையைச் சொல்லுமுன் விரித்து வளைந்த இடத்தைக் காட்டுவார். சிறு வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். குறையை மறைத்து விற்பது கூடாது என்பதை இனி ஒருவர் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும், 1,200 ரூபாயை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். கோப்பை சமையலறை யன்னலருகில் இருந்தது. நான் பேசத் தொடங்குமுன் மாமி அதைக் கையில் எடுத்தார். முகத்தில் ஒரு சங்கடம்.

"மகள், உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லோணும். கன்னத்துல ஏதோ அழுக்கெண்டு நெனச்சன். தும்பால தேச்சன், போகல்ல. பொறகு உப்புப் போட்டும் தேச்சன். இப்ப பாருங்க, கீறு விழுந்திட்டு. புள்ள பாடுபட்டுச் செஞ்சத நான்தான் கெடுத்துப் போட்டன். எப்பிடிச் சொல்றதெண்டு பயந்துக்கிட்டு ஈந்தன்."

கோப்பையைப் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மகனின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள். சாயம் பூச்சுக்குள் இருக்கிறது, தேய்த்தால் பூச்சுதான் கீறுபடும், புள்ளி போகாது என்பது எனக்குத் தெரியும். மாமிக்கு எப்படித் தெரியும்? கொடுக்கும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தேய்த்திருக்கவே மாட்டார்.

புள்ளியை மறைத்தால் 1,200 ரூபாய்க்கு உரிய ஒன்றைக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்ததாக மட்டுமே ஆகும் என்று நினைத்திருந்தேன். அதற்குமேல் ஒன்று நடந்திருந்தது. என் பிழை மாமியின் தலையில் ஏறியிருந்தது. இரண்டு நாட்களாக அவர் என்னிடம் பயந்துகொண்டிருந்தார். மறைக்கப்பட்ட குறை மறைந்துபோவதில்லை, அதை வாங்கியவர் தன்னுடைய குறை என்று நினைத்துச் சுமக்கத் தொடங்கிவிடுகிறார். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கெடுக்கல்ல" என்றார். அவருடைய குரலில் இருந்த நிம்மதி என்னை இன்னும் வெட்கப்பட வைத்தது. பணத்தை வாங்க மறுத்துவிட்டார். கோப்பையைத் திருப்பித் தரவும் மனமில்லை. "முகமுள்ளத எப்பிடித் திருப்பித் தாற?" என்றார். புதிய பெட்டி வந்ததும் முதற் கோப்பையை அவருக்கே செய்து கொடுத்தேன். அதற்கான 550 ரூபாயையும் "கெட்டவை" நிரலில் எழுதினேன். முதற் பெட்டியில் மிஞ்சிய 3,000 ரூபாய் 2,450 ஆனது.

இப்போது இயந்திரத்தை வேறு மூலைக்கு மாற்றிவிட்டேன். அச்சிடுமுன் ஒவ்வொரு கோப்பையையும் நார் உதிராத துணியால் துடைக்கிறேன். "தும்பாலோ உப்பாலோ தேய்க்க வேண்டாம், மென்மையான பஞ்சு போதும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சிறிய அட்டையொன்றைக் கோப்பைக்குள் வைக்கிறேன். புள்ளி விழுந்தால் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் விலையைச் சொல்கிறேன். சிலர் குறைந்த விலைக்கு வாங்குவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். குர்ஆன் வசனங்களை அச்சிட்டுத் தரச் சொல்பவர்களிடம், கழுவும் தொட்டியில் கிடக்கும் பொருளில் அது வேண்டாமே என்று சொல்லிப் பெயரையும் பூவையும் செய்து கொடுக்கிறேன்.

ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கு எங்கள் வகுப்பு 24 கோப்பைகள் கேட்டது. இரண்டில் எழுத்து மங்கியது. இருபத்தாறாகச் செய்து இருபத்து நான்கைக் கொடுத்தேன். உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் இனி விடுமுறை நாட்களில் மட்டுமே இந்த வேலை என்பது உம்மாவின் கட்டளை. கூரைக்குத் தேவையான ஆறு தகடுகளில் நான்கை மாற்றிவிட்டோம். மழை பெய்தால் இப்போது ஒரு வாளி போதும்.

மாமியின் வீட்டில் புதிய கோப்பை கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாதாம். காலைத் தேநீரை அவர் குடிப்பது நீலப் புள்ளி உள்ள கோப்பையில்தான்.