மலையில்லாத ஊரில் ஒரு பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு அந்தத் தர்மபுரி மாவட்டத்து விவசாயி வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வந்த வேலை பேரக்குழந்தையைப் பார்ப்பது. அதில் முக்கால்வாசியை அவர் மனைவியே பார்த்துக்கொண்டார். ஊரில் ஆடிப்பட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை ஏக்கர் மேட்டுக்காட்டை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு, கார்பெட் போட்ட வீட்டுக்குள் கால் தரிக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. காபி குடித்துக்கொண்டிருந்த மகன் திடீரென்று, "அப்பா, கிளம்புங்க. ஒரு இடம் காட்டறேன்" என்றான்.

"எங்கடா?"

"நடக்கற இடம். உங்களுக்குப் பிடிக்கும்."

முன்னேற்பாடு ஒன்றும் இல்லை. அம்மா கிளறி வைத்திருந்த புளிசாதம் ஒரு டப்பாவில் ஏறியது. மகனின் பழைய கேன்வாஸ் ஷூ அப்பாவின் காலுக்குப் பொருந்தியது. அரை மணியில் வண்டி தெற்கே கிளம்பிவிட்டது.

கொலம்பஸ் என்ற ஊரைத் தாண்டியதும் பைன் மரக் காடுகள் தொடங்கின. சில இடங்களில் மரமும் வேலியும் தெரியாமல் ஒரு கொடி பச்சைப் போர்வை போல மூடிக் கிடந்தது. அதன் பெயர் குட்ஸு. மண்ணரிப்பைத் தடுக்க 1930களில் அரசே கன்று கொடுத்து நடச் சொன்ன கொடி. இன்று தென் மாநிலங்கள் முழுவதும் அடக்க முடியாத களை. மகன் இதைச் சொன்னதும் அப்பா, "நம்மூர் சீமைக் கருவேலம் மாதிரி" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

இரண்டரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு லம்ப்கின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. பிராவிடன்ஸ் கேன்யன் மாநிலப் பூங்கா. பரப்பு சுமார் 1,000 ஏக்கர். மாநில அரசு 1971-ல் பூங்காவாக்கிய இடம்.

சுற்றிலும் பார்த்தார். மலை என்று ஒன்றுகூட இல்லை. லேசான ஏற்ற இறக்கத்தோடு மரம் நிறைந்த சமவெளி. "பள்ளத்தாக்குன்னு சொன்னியே, எங்கே?" என்றார். மகன் வேலி ஓரத்துக்குக் கூட்டிப் போனான்.

காலடியில் நிலம் திடீரென்று முடிந்தது. கீழே சில இடங்களில் 150 அடி ஆழம். இரண்டு மூன்று பனைமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தலாம். செங்குத்தான மண்சுவர்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா, அடியில் வெள்ளைக் களியும் மணலும். நடுவில் கோபுரம் போல ஒதுங்கி நிற்கும் மண் தூண்கள். பார்க்க அழகுதான். ஊர்க்காரர்கள் இதைச் 'சின்ன கிராண்ட் கேன்யன்' என்று சொல்கிறார்கள்.

"ஆறு ஏதாவது அறுத்ததா?" என்று கேட்டார் அப்பா.

"ஆறு இல்லப்பா. விவசாயம்."

பருத்திக்காட்டில் பிறந்த பள்ளம்

இந்தப் பகுதி முதலில் கிரீக் எனப்படும் பழங்குடி மக்களின் நிலம். 1820களில் அவர்களிடமிருந்து ஒப்பந்தங்களின் பெயரால் பறிக்கப்பட்டு, 1827-ல் வெள்ளையர்களுக்குக் குலுக்கல் முறையில் பங்கிடப்பட்டது. வந்தவர்கள் காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். நிலம் மலிவு, பருத்திக்கு நல்ல விலை. ஒரு காடு களைத்துப்போனால் அடுத்த காட்டை அழிக்கலாம். மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வரவில்லை.

சரிவு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மேலிருந்து கீழாக உழுதார்கள். ஒவ்வொரு உழவுசாலும் மழைக்கு ஒரு வாய்க்கால் ஆனது. 1850 வாக்கிலேயே மூன்றிலிருந்து ஐந்து அடி ஆழத்தில் பள்ளங்கள் விழுந்துவிட்டன. மேலே இருந்த கெட்டியான செம்மண் அடுக்கைத் தண்ணீர் அறுத்துத் தாண்டியதும், கீழே இருந்தது இளகிய மணல். அதன்பின் நிறுத்த ஆளில்லை. அடி மணல் கரைய, மேல் மண் பொலபொலவென்று சரிந்தது. பள்ளத்தின் தலை ஒவ்வொரு மழைக்கும் மேட்டை நோக்கி ஏறியது.

சாலையோரம் ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயம் நிற்கிறது. 1832-ல் தொடங்கப்பட்ட சபை அது. முதலில் கட்டிய இடத்தைப் பள்ளம் விழுங்கிவிட்டதால், 1859-ல் சாலையின் எதிர்ப்புறம் மாற்றிக் கட்டினார்கள். காட்டை அழித்து ஒரு தலைமுறைக்குள் சாமி கும்பிடும் இடத்தையே நகர்த்த வேண்டியதாயிற்று.

அப்பா அந்தத் தேவாலயத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வா, கீழே இறங்கலாம்" என்றார்.

பள்ளத்துக்குள்

மேல் விளிம்பைச் சுற்றிக் கீழே இறங்கி வரும் நடைபாதை சுமார் நான்கு கிலோமீட்டர். இறங்கும் வழியில் குளிர்ச்சி கூடியது. ஓர் இடத்தில் ஆளுயரச் செடிகளில் செங்காவி நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. பிளம்லீஃப் அசேலியா என்ற அரிய செடி. அதன் சொந்த மண் ஜார்ஜியா, அலபாமா எல்லையை ஒட்டிய இந்தச் சிறு பகுதிதான். மற்ற அசேலியாக்களில் பெரும்பாலானவை வசந்தத்தில் பூக்கும். இது ஜூலை, ஆகஸ்டில் பூக்கும்.

அடிமட்டத்தில் கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீர் மணல் மேல் ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதையே அந்த ஓடைதான். ஷூ நனைந்தது. அவர் கவலைப்படவில்லை, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பள்ளங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நான்காவதும் ஐந்தாவதும்தான் பார்க்கப் பெரியவை. சுவரில் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். காரணம், சுவர்கள் இன்றும் சரிகின்றன. பள்ளம் ஆழமாவது குறைந்துவிட்டது. அகலமாவது நிற்கவில்லை.

அப்பா குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் வழியவிட்டார். "இது மேலே இருந்தா பருத்தி விளைஞ்சிருக்கும்" என்றார்.

திரும்பி ஏறும் வழியில், மரங்களுக்கு நடுவே 1950களைச் சேர்ந்த பழைய கார்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அங்கே ஒரு வீடு இருந்ததாம். எடுக்கப் போனால் மரங்களுக்குச் சேதம் வரும் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள்.

புளிசாத டப்பாவைத் திறந்தபோது வானம் கறுத்தது. அங்கே கோடையில் பிற்பகல் இடிமழை சாதாரணம். இருவரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். இருபது நிமிடம் அடித்துப் பெய்தது. மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதையின் சரிவில், கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்திருந்தார்கள். சிவந்த தண்ணீர் வேகமாக வந்து முதல் கட்டையில் மோதியது. வேகம் தணிந்து, கட்டையின் மேல் வழிந்து, அடுத்த கட்டைக்குப் போனது. மழை விட்டதும் அவர் எழுந்து போய்ப் பார்த்தார். ஒவ்வொரு கட்டைக்கும் மேல்புறத்தில் விரல்கடை உயரத்துக்கு மண் படிந்திருந்தது. தண்ணீர் போய்விட்டது, மண் நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. மகனுக்குக் காரணம் தெரியும், கேட்கவில்லை.

ஊரில் ஒரு சின்னப் பள்ளம்

அவருடைய மேட்டுக்காட்டின் மேற்கு மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பு வண்டித்தடமாக இருந்தது. இப்போது ஆள் இறங்கினால் இடுப்பளவு. மேல்காடு பங்காளியுடையது, சித்தப்பா மகன். அங்கிருந்து வரும் மழைநீர் இந்த மூலையில்தான் இறங்கும். தண்ணீரைத் தடுக்க எல்லையில் ஒரு மண்வரப்பு போட்டார். தன் காட்டில் தண்ணீர் தேங்கிக் கடலை அழுகும் என்று தம்பி அதை வெட்டிவிட்டார். இவர் திட்டினார், அவரும் திட்டினார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பள்ளம் மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி ஏறினால் தம்பியின் காட்டுக்குள் நுழைந்துவிடும்.

அட்லாண்டா வந்து சேர்ந்தபோது மாலை. இந்தியாவில் விடியவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணி ஆகும்வரை காத்திருந்தார். ஊரில் அப்போது காலை ஏழரை. மகனிடம் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டார்.

"நான்தாண்டா பேசறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சொல்லுங்கண்ணா. உடம்பு நல்லா இருக்குதா?"

"இருக்குது. அந்த மூலைப் பள்ளம்... தண்ணிய நிறுத்த வேண்டாம்டா. தண்ணி போகட்டும். கல்லு அடுக்கி மண்ணை மட்டும் நிறுத்திக்கலாம்."

"வாங்கண்ணா, வந்து பேசிக்கலாம்" என்றார் தம்பி.

நமக்கு ஆழம் கிடையாது

ஜார்ஜியாவில் நடந்தது அப்படியே நம் காட்டிலும் நடக்குமா? நடக்காது. தவறாக உழுத எல்லா இடத்திலும் 150 அடி பள்ளம் விழுந்துவிடவில்லை. அங்கே அடியில் ஆழமான இளகிய மணல் இருந்ததால்தான் அவ்வளவு ஆழம் போனது. நம் மானாவாரிச் செம்மண் காடுகள் பலவற்றில் ஒன்றரை, இரண்டு அடிக்குக் கீழே சுக்கான் அல்லது பாறை. பள்ளம் அங்கே போய் நின்றுவிடும். ஆனால் அது நிற்கும்போது விதைக்க மண்ணும் இருக்காது. யாரும் வண்டி பிடித்து வந்து பார்க்கும் அளவுக்கு நம் பள்ளம் பெரிதாகாது. அதனால்தான் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் சுமார் ஐந்தரை டன். கண்ணுக்கே தெரியாத இழப்பு அது. அமெரிக்காவிலும் ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் பல ஆண்டுகள் எச்சரித்த பிறகு, 1935-ல்தான் மண்வளப் பாதுகாப்புக்கென்று தனி அரசுத் துறை வந்தது. பிராவிடன்ஸ் பள்ளங்களுக்கு அது காலம் கடந்த வைத்தியம்.

இடுப்பளவுப் பள்ளத்துக்கு வைத்தியம் இன்னும் இருக்கிறது. முதலில் பள்ளத்துக்கு மேலே உள்ள காட்டில் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பிறகு பள்ளத்தில் மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கல் தடுப்புகளை அடுக்க வேண்டும். அரை அடி முதல் ஒரு அடி கடைக்கால் எடுத்து, கல்லை இரு கரைக்குள்ளும் செருக வேண்டும். இரண்டு, மூன்று அடி உயரம் போதும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு சுற்றி ஓடும். கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வருமாறு இடைவெளி விட வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்ப வேண்டும். கரையோரம் வெட்டிவேரோ கத்தாழையோ நட வேண்டும். பள்ளம் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டால் கைவேலையாகச் செய்யாமல் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகுவது நல்லது.

அண்ணனும் தம்பியும் சித்திரையில், கோடை உழவுக்கு முன், மூன்று தடுப்புகள் போட்டார்கள். கல் அண்ணன் காட்டுக் கல், டிராக்டர் தம்பியுடையது. தடுப்பின் நடுப்பகுதி எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும் என்று ஒரு சண்டையும் வந்தது. தம்பி சொன்ன அளவிலேயே வைத்தார்கள். முதல் கோடை மழைக்கு மேல்காட்டில் தண்ணீர் தேங்கவில்லை. முதல் தடுப்புக்குப் பின்னால் நான்கு விரல் மண் நின்றது.

பள்ளம் இன்னும் இருக்கிறது. மேலே ஏறவில்லை.