சுவரின் நீளமும் ஆற்றின் அகலமும்

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் ஃபிளாட் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மெட்ரோ எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். மாடல் ரயில் பைத்தியம் பிடித்தவன் டேப்பை எடுத்து ஹாலின் நீண்ட சுவரை அளப்பான். எங்கள் ஹாலில் அது பன்னிரண்டு அடி. ரயில் ஓட்டுவதற்கு அது தாராளம். தண்டவாளத்தை வளைத்து வளைத்து எங்கும் கொண்டுபோகலாம். பாலத்திடம் அந்த வேலை நடக்காது. அது நேராக நிற்கும், நீளம் கேட்கும்.

எனக்கு வேண்டியிருந்ததோ நெடிய இரும்புப் பாலம். ஜி.டி.யிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஊருக்குப் போய்வந்த தில்லித் தமிழர்களுக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. நமக்கு வழியின் கணக்கே ஆறுகள்தான்: சம்பல், நர்மதை, கோதாவரி, விஜயவாடாவில் கிருஷ்ணா. மேல் பெர்த்தில் தூங்குகிறவர்கூட சத்தம் மாறியதும் கண் விழிப்பார். ஜன்னலுக்கு வெளியே சாய்ந்த சட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு போகும். யாராவது ஒரு பாட்டி காசு எடுத்து வீசுவாள். பாதி நேரம் அது கர்டரில் பட்டுத் தெறிக்கும்.

ரயில்வேக்காரர்கள் ஓபன் வெப் கர்டர் என்று சொல்லும் இந்தப் பாலங்களின் கண்களுக்கு, அதாவது தூணுக்குத் தூண் உள்ள தாவலுக்கு, 30.5, 45.7, 61, 76.2 மீட்டர் என்று நிலையான அளவுகள் உண்டு. பழைய அடிக்கணக்கில் நூறு, நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது. மாடல் உலகில் பரவலான அளவுகள் இரண்டு: 87-இல் ஒரு பங்கான எச்.ஓ., 160-இல் ஒரு பங்கான என். 61 மீட்டர் கண் ஒன்று எச்.ஓ.வில் 70 செ.மீ. வரும்; என் அளவில் 38 செ.மீ. ஃபிளாட்வாசிக்கு என் அளவுதான் கதி. அதிலும் ஒரு சமரசம் உண்டு. நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 160-ஆல் வகுத்தால் பத்தரை மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 1435 மி.மீ. பாதைக்காகச் செய்த 9 மி.மீ. அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன்.

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் யமுனையிலேயே, செங்கோட்டையை ஒட்டி, பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. 1866-இல் கிழக்கிந்திய ரயில்வே ஒற்றைப் பாதைக்காகக் கட்டியது. 1913-இல் இரண்டாவது பாதையும் சேர்ந்தது. மேலே ரயில், கீழே சாலை. தலைக்கு மேல் ரயில் போகிறபோது கீழே ஆட்டோவில் பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகப் பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஏறத்தாழ 202 அடியில் பன்னிரண்டு கண்கள். மொத்தத்தையும் என் அளவில் செய்தால் பதினைந்து அடி. சுவரை இடித்துக்கொண்டு அடுத்த வீட்டு ஹாலுக்குள் போய்விடும். எச்.ஓ.வில் இருபத்தெட்டு அடி. அதற்கு அடுத்த வீடும் போதாது.

ஆக, எதையாவது வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் இந்தக் கலையே இருக்கிறது. கண்ணின் நீளத்தைப் பாதியாக்கிப் பன்னிரண்டையும் வைக்கலாமே என்று தோன்றும். அது கூடாது. இந்த வகைக் கர்டரின் உயரம் நீளத்தில் ஆறிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். ரயில் உள்ளே புகுந்து போகும் பாலத்தில் பெட்டியும் மேலே மின்கம்பியும் நுழையும் உயரம் வேண்டும். நீளத்தைக் குறைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. நீளத்தை மட்டும் சுருக்கினால் ஒட்டகத்துக்குக் கட்டிய கூண்டு மாதிரி நிற்கும். எண்ணிக்கையைக் குறைக்கலாம், விகிதத்தைத் தொடக் கூடாது. பன்னிரண்டு கண் எனக்கு ஐந்தாயிற்று: ஆறேகால் அடி.

சாமான் வாங்க சாவ்ரி பஜார். மெட்ரோவை விட்டு மேலே வந்தால் ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் காகிதம். மெல்லிய பித்தளைப் பட்டையும் கெட்டி அட்டையும் அங்கேயே கிடைத்துவிடும். பிளாஸ்டிக் பட்டைகளை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். வரைபடத்தை மேஜையில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடித் தகடு வைத்து, பட்டைகளைக் கோட்டின்மேல் படுக்கவைத்து ஒட்டுவது என் வழி. ஒரே படத்தின்மேல் இரண்டு பக்கச் சட்டங்களும் பிறப்பதால் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும். சட்டங்கள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் கஸெட் பிளேட் ஒட்ட வேண்டும். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். அதன் பின்பக்கம் ஊசிமுனையால் அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் தலைகள் எழும்பும். வரிசை கொஞ்சம் கோணினால் பெயின்ட் அடித்தபின் அதுதான் முதலில் கண்ணில் படும்.

எல்லாச் சட்டங்களும் ஒரே பருமன் என்று நினைப்பவர் பாலத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. தாங்கிகளுக்கு அருகில் இருக்கும் சாய்வுச் சட்டங்கள் தடித்தவை. நடுவை நெருங்க நெருங்க மெலியும். மேலும் கீழும் ஓடும் நெடுஞ்சட்டங்களோ நேர்மாறு: நடுவில்தான் அவற்றுக்கு அதிக வேலை. அழுத்தம் தாங்கும் சட்டம் மெலிந்தால் பக்கவாட்டில் வளைந்து மடியும்; அதனால் அதைப் பெட்டிபோல் அமைப்பார்கள். இழுப்பு மட்டும் தாங்குவதற்கு அந்தப் பயம் இல்லை. நிஜத்தில் 450 மி.மீ. சட்டம் என் கையில் 2.8 மி.மீ.; 300 மி.மீ. சட்டம் 1.9. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்தில்தான் எது சுமக்கிறது, எது துணைக்கு நிற்கிறது என்பது தெரியும்.

மாடி வீட்டுப் பையன் ஒருநாள் கேட்டான்: “இந்தக் குச்சிய எடுத்துட்டா பாலம் விழுந்துடுமா தாத்தா?”

“விழாதுடா.”

“அப்ப இது?”

“அதுவும் விழாது.”

“அப்புறம் எதுக்கு இத்தன?”

நியாயமான கேள்வி. ஒரு பொருளை 160-இல் ஒரு பங்காக்கினால் அதன் எடை 160-இன் மும்மடியாகக் குறையும். தாங்கும் பலம் இருமடியாகத்தான் குறையும். தன் எடைக்கு என் பாலம் நிஜப் பாலத்தைவிட 160 மடங்கு பலசாலி. அட்டையில் செய்தாலும் நிற்கும். நிஜத்தில் எடைக்கும் காற்றுக்கும் பயந்து வைத்த சட்டங்கள் அத்தனையும் இங்கே வெறும் அலங்காரம்.

பால வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எங்கள் சொசைட்டியில் இருக்கிறார். அவர் வந்தால் ரிவெட்டைப் பார்ப்பதில்லை. குனிந்து தூணின் தலையைத்தான் பார்ப்பார். “ரெண்டு பக்கமும் ராக்கர் வெச்சிடாதீங்க சார். ஒரு பக்கம் ரோலர் வேணும், கர்டர் மூச்சு விடணும்ல?” தில்லியில் ஜனவரி இரவுக்கும் ஜூன் பகலுக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம். 61 மீட்டர் எஃகு அதில் கிட்டத்தட்ட 3 செ.மீ. நீளும். என் கர்டர் எஃகாகவே இருந்தாலும் நீள்வது 0.2 மி.மீ. இருந்தும் ரோலர் வைத்தேன். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. இயங்காத ரோலர்தான் பார்ப்பவருக்கு நிஜப் பாலத்தின் வெயிலைச் சொல்கிறது.

ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டென்றால் நீளத்துக்கும் இருக்க வேண்டுமல்லவா? நீளமான கண் என்பது கட்டுபவரின் வீரம் அல்ல. தண்ணீரில் தூண் இறக்குகிற செலவுக்கும் மேலே இரும்பு போடுகிற செலவுக்கும் நடக்கும் பேரம். பாம்பனில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 18.3 மீட்டர் கண்கள் 99. கப்பல் போக வேண்டிய ஓரிடத்தில் மட்டும் 72.5 மீட்டரில் ஒன்று, அதுவும் செங்குத்தாக மேலே தூக்கக்கூடியது. தூண் இறக்க முடிந்த இடமெல்லாம் சின்னக் கண். முடியாத இடத்தில் பெரிய தாவல். கீழே இருப்பதைப் பொறுத்தே மேலே இருப்பது.

மேஜைமேல் அந்தப் பேரமே கிடையாது. கீழே ஒட்டுப்பலகை. அதனால்தான் பல மாடல்களில் பிரமாதமான பாலம் ஒரு நீலப் பெயின்ட் ஓடையைத் தாண்டுகிறது. அந்த ஓடைக்கு ஒரு குழாய் போதும். பாலம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஏதோ பொய் என்று மனதுக்குப் படும். ஆற்றை முதலில் செய்ய வேண்டும்; பாலம் அதற்கு வந்த பதில்.

யமுனை இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆறு. மே மாதத்தில் பழைய பாலத்தைப் பார்த்தால் பன்னிரண்டு கண்ணும் எதற்கு, இரண்டு போதுமே என்று தோன்றும். 2023 ஜூலை 13 அன்று அதே பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டர், அபாய அளவு 205.33. 1978-இன் 207.49-ஐயும் தாண்டி விட்டது. ரயில் நின்றது, கீழ்ச்சாலை மூடியது. இங்கே மயூர் விஹாரில், காதர் என்னும் ஆற்றங்கரை வெள்ளச் சமவெளியில் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் கட்டிலும் எருமையுமாக மேட்டுக்கு வந்து சாலையோரக் கூடாரங்களில் இருந்தார்கள். மணல் என்று நாம் நினைத்ததெல்லாம் ஆறுதான். 1866-இல் கட்டியவர்கள் அளந்தது அதை.

ஆகவே என் ஐந்து கண்களில் ஒன்றின் கீழ்தான் தண்ணீர். மற்ற நான்கின் கீழும் மணல், கோரை, பூசணிக் கொடி, ஒரு பம்ப் செட். ஸ்டேஷனுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை மணலுக்குக் கொடுத்துவிட்டேன். “ரயில் எங்கயுமே நிக்காதா?” என்று வீட்டில் கேள்வி. வருகிறவர்கள் கேட்பது வேறு: “இவ்வளவு பெரிய பாலம், தண்ணியே இல்லையே சார்?” நொய்டா போகும் மெட்ரோவில் யமுனையைத் தாண்டுகிறபோது இவர்களே நிஜ ஆற்றைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்; ஆறு சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.