குருவிக்குப் போட்ட அரிசி

'பாரதி' படத்தைப் பத்திப் பேச்செடுத்தா ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும். ஒண்ணு, "மராத்திக்காரர் எப்படிங்க பாரதியா நடிக்கலாம்?" ரெண்டாவது, "யானை மிதிச்சுத்தானே செத்தார்?"

ஞான ராஜசேகரன் 2000இல் எடுத்த படம். சாயாஜி ஷிண்டே அந்த மீசையும் முண்டாசுமா வந்து நின்னதும் முதல் கேள்வி பத்தே நிமிஷத்தில் காணாமப் போயிடும். ரெண்டாவதுக்குப் பதில், இல்லை. திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்டும் பிழைச்சுக்கிட்டார். சில மாசம் கழிச்சு, 1921 செப்டம்பரில், வயித்துக்கடுப்பில்தான் போனார். வயசு 38.

எங்கம்மா ரெண்டையும் கேட்கலை. சமைக்க வெச்சிருந்த அரிசியை அவர் குருவிக்குப் போட்டாரே, அதுக்கு நான் "ஆஹா, கவிஞன்!"னு உருகிட்டிருந்தேன். அம்மா சொன்னது ஒரே வரி: "பாவம்டா செல்லம்மா. ரெண்டு பொண்ணுங்களுக்கும் அன்னிக்கு என்னத்தைப் போட்டாளோ!"

சுருக்குன்னு இருந்துச்சு.

ஏழு வயசில் கல்யாணம். புருஷன் போனப்புறம் 1955 வரைக்கும், 34 வருஷம் வாழ்ந்திருக்காங்க. அவர் பாட்டெல்லாம் புத்தகமா வெளிவர பாடுபட்டவங்கள்ல செல்லம்மாவும் ஒருத்தர். 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்'னு பேசியிருக்காங்க. நாம கொண்டாடுற பாரதியோட பசியில் பாதியை இவங்கதான் சுமந்திருக்காங்க. ஆனா படம் பார்த்துட்டு வர்றவங்க யாரும் இவங்களைப் பத்திப் பேசி நான் கேட்டதில்லை, எங்கம்மாவைத் தவிர.

அடுத்த தடவை பார்க்கும்போது ஷிண்டேவை விட்டுட்டு, செல்லம்மாவா வர்ற தேவயானி முகத்தை மட்டும் பாருங்க மக்கா. அது வேற படம்.