மண்ணை விட்டு அகலாத அருங்காட்சியகம்

நெல்லைச் சீமைக்கு வருவோர் குற்றாலத்து அருவியில் நீராடுவர். திருச்செந்தூர்க் கடற்கரையில் காற்று வாங்குவர். அவ்விரண்டுக்கும் இடையே, திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் இறங்கிப் பார்ப்போர் சிலரே. பேருந்து ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடும் அந்த மேட்டு நிலத்தில், மாண்டோரை மதிக்கும் பண்பை நமக்கு நினைவூட்டும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் புறப்பட்டோம். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே நகர்ந்தன. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழித்து நிற்க, திடீரெனப் பரற்கற்கள் நிறைந்த வறண்ட மேடு ஒன்று தொடங்குகிறது. இதனை இவ்வூரார் பரம்பு என்பர். 114 ஏக்கர் பரப்புள்ள இம்மேடுதான் பண்டைத் தமிழரின் இடுகாடு. விளையும் நிலத்தை வாழ்வோருக்கு விட்டு, விளையாத மேட்டை மாண்டோருக்கு ஒதுக்கிய அம்முன்னோரின் அறிவை என்னென்பது! கெட்டியான பரல் நிலத்தைக் குடைந்து குழி அமைத்து, பெரிய மட்தாழிகளில் எலும்புகளையும், உணவுக் கலங்களையும், இரும்புக் கருவிகளையும் வைத்து அடக்கம் செய்தனர். தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இருப்பதை நாம் அறிவோம்.

இந்தத் தாழிகளின் பிற்காலக் கதை துயரமானது. 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் இங்கே அகழ்ந்து, கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ பெரும் அகழாய்வு நடத்தினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலத்தில் வார்த்த விலங்குருவங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் எனத் திரளாகக் கிடைத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மண்ணுக்குரிய ஊரிலோ குழிகளும் உடைந்த ஓடுகளுமே எஞ்சின. தம் காலடியில் கிடைத்த செல்வத்தைக் காண ஆதிச்சநல்லூர்ச் சிறுவன் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவேண்டியிருந்தது.

நூறாண்டுகள் கழித்து 2004, 2005ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது, நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2020ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம், சிறப்புற வளர்க்கப்படவேண்டிய ஐந்து தொல்லிடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரை அறிவித்தது. அதன்பின் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட தாழிகளை இம்முறை பெயர்த்தெடுக்காமல், இருந்த இடத்திலேயே விட்டு, குழிகளின்மேல் கனத்த கண்ணாடித் தளம் அமைத்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அது மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

அருங்காட்சியகம் என்றதும் தூண்களும் மாடங்களும் நம் நினைவுக்கு வரும். இங்கே அத்தகைய ஆடம்பரம் எதுவுமில்லை. தலைக்கு மேல் கூரை. காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்கும் கீழே, மண்ணில் பாதி புதைந்தபடி, வாய் பிளந்த தாழிகள். அவ்வளவே.

கட்டடம் தன்னைத் தாழ்த்திக்கொண்டு இடத்தை உயர்த்தும் இம்முறைக்கு அயல்நாட்டிலும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. டென்மார்க் நாட்டின் கடற்கரையில், ஹும்லபேக் என்னும் ஊரில், 1958ஆம் ஆண்டு லூயிசியானா என்னும் கலைக்கூடம் திறக்கப்பட்டது. யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலர்ட் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள், பழைய மரங்களுக்கிடையே தாழ்ந்த கண்ணாடி நடைக்கூடங்களை அமைத்தனர். உள்ளே நடப்போர் ஓவியத்தையும் சிற்பத்தையும் காண்பதோடு, மரத்தையும் புல்வெளியையும் அப்பால் விரிந்த கடலையும் காண்பர். அங்கே கண்ணாடி கண்ணைக் கடலுக்கு அழைத்துச் செல்கிறது. இங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே அழைத்துச் செல்கிறது. இரண்டிலும் கட்டடம் வழிவிட்டு நிற்கிறது.

ஆயினும், கண்ணாடியின்மேல் முதலடி வைக்கையில் நம் கால்கள் தயங்கின. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றி மலர் தூவும் நாம், இன்னொருவர் கல்லறையின்மேல் நடக்கலாமா? கீழே இருப்பவை காட்சிப்பொருள்கள் மட்டுமல்ல; ஒரு தாய் அழுது அடக்கம் செய்த பிள்ளையாகவும் இருக்கலாம். நெடுநேரம் எண்ணிப் பார்த்தபின் நமக்குத் தோன்றியது இது: தோண்டி எடுத்துக் கடல் கடந்து அனுப்புவதைவிட, அவர்கள் உறவினர் வைத்த இடத்திலேயே அவர்களை இருக்கவிட்டு, குனிந்து நோக்குவது மேலானது. இங்கே தலை குனியாமல் எதையும் காண இயலாது. அது நன்றே.

இங்கிருந்து திரும்புவோர் திருநெல்வேலி ரெட்டியார்பட்டிக் குன்றருகே, 13 ஏக்கரில் அமைந்து 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகத்தையும் காணவேண்டும். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்னும் மூன்று இடங்களின் அகழ்பொருள்களுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் அங்கு உள்ளன. முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமாகிய கொற்கையை விட்டு இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என அறிவியல் ஆய்வு காட்டியுள்ளது.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஒரு சொல். முதலில் பரம்புக்குச் செல்லுங்கள். பொருநைக் கூடத்தைப் பிறகு காட்டுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கலயத்தைக் காணும்போது, அது எந்த மண்ணில், யாருடைய தலைமாட்டில் இருந்தது என்பதைப் பிள்ளைகள் அப்போது தாமே உணர்வர்.