அப்பாவின் தகர டப்பாவும் ஐந்து துண்டுகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களுக்குத் தெரியும், ஷோகேஸில் பொம்மை கிடையாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் செங்கல் துண்டு, காரை, மணல் இவைதான் இருக்கும். எல்லாம் பாட்டுக் கேட்ட இடங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஊர், இடம், தேதி எழுதி ஒட்டியிருப்பேன். "டீச்சர் ரிட்டையர் ஆனதும் கல் பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று என் மகளே கேலி பேசுகிறாள். பேசட்டும்.

முதல் பாட்டில் தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்த கொட்டகை. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொள்வோம். சினிமா கொட்டகை எப்படிப் பாட்டு மேடையாகும் என்று கேட்காதீர்கள். என் சின்ன வயதில் வீட்டில் ரேடியோ கிடையாது. டி.எம்.எஸ். நம்ம ஊர்க்காரர். அவர் குரல் அவ்வளவு பெரிய மண்டபத்தில் எழும்பி, முதுகுக்குப் பின்னால் சுவரில் மோதித் திரும்பியதை நான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு காதுக்குள் சொருகிக்கொள்கிறீர்களே, அதில் எனக்கு அது கிடைக்கவில்லை. இடிக்கும்போது வாசலில் நின்ற தொழிலாளியிடம் ஒரு துண்டு கேட்டேன். "அம்மா, ஒரு லோடாவே எடுத்துக்கங்க" என்று சிரித்தார். இப்போது அங்கே ஜவுளிக்கடை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் என் கண் விட்டத்தைத்தான் பார்க்கும்.

அடுத்து இரண்டு மணல் பாட்டில்கள். ஒன்று திருவையாற்றுக் காவிரிக் கரை மணல். தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைக் கொடுத்துக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களைப் பாட விடாத அந்த ஆராதனையில் பெண்கள் பாட வழி செய்தவர். அவர் சமாதியும் அங்கேயே எதிரில் இருக்கிறது. பஞ்சரத்ன கீர்த்தனைகளை அத்தனை பேரும் சேர்ந்து பாடும்போது, ஓரமாக உட்கார்ந்து நானும் வாயசைத்தேன். எழும்போது புடவையில் ஒட்டிய மணலை உதறாமல் கொண்டுவந்தேன்.

இன்னொன்று வாடிப்பட்டிப் பக்கம் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரின் டூரிங் டாக்கீஸ் மணல். கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். சாயங்காலம் ஒலிபெருக்கியில் சீர்காழியின் பக்திப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பெரியாறு கால்வாய் வயல்களில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுத்தான் கரையேறுவார்கள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன பிறகு அங்கே மிஞ்சியது அந்த மணல் மட்டும்தான். லேபிளைக் கிழித்துவிட்டால் எது திருவையாறு, எது டூரிங் டாக்கீஸ் என்று எனக்கே தெரியாது.

நிற்கிற கட்டடத்தில் கை வைக்க மாட்டேன். மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்து வளர்ந்த வீட்டு முகப்பில் வீணை வடிவம் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் நின்று பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். மீனாட்சி கோயிலின் வடக்கு ஆடி வீதியில் ஐந்து இசைத்தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல்லில் 22 சிறு தூண்களாகச் செதுக்கியவை. எத்தனை பேர் கல்லாலும் காசாலும் தட்டிப் பார்த்திருப்பார்கள்! சுற்றுலா அழைத்துப் போனபோது உங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, நினைவிருக்கிறதா?

வெளிநாட்டில் இருக்கும் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் இந்தக் கிறுக்கு உண்டு என்றான். லிவர்பூலில் பீட்டில்ஸ் பாடிய கேவர்ன் கிளப்பை 1973-இல் மூடி இடித்தார்களாம். பிறகு அதன் செங்கற்களைத் தகடு பதித்து விற்றிருக்கிறார்கள். 1984-இல் மறுபடி கட்டியபோது பழைய செங்கல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக்காரர்கள் இன்னும் அழகாகச் செய்திருக்கிறார்கள். ரைமன் அரங்கத்திலிருந்து 1974-இல் புது அரங்கத்துக்கு மாறியபோது, பழைய மேடையிலிருந்து 6 அடி வட்டமாக மரத்தை அறுத்து, புது மேடையின் நடுவில் பதித்துவிட்டார்கள். இன்றைக்கும் பாடுகிறவர்கள் அதில்தான் நிற்கிறார்கள். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஒரு செங்கல்லாவது அப்படிப் பதித்திருக்கலாம். யார் கேட்பார்கள்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. ஹார்வி மில்லில் ஷிப்டு வேலை. பாகவதர் என்றால் உயிர். 1937-இல் 'சிந்தாமணி' வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அந்தப் படம் ஓடிய லாபத்தில்தான் மதுரையில் சிந்தாமணி டாக்கீஸே கட்டினார்கள். "பாட்டு கட்டுன கட்டடம்டீ" என்பார். அங்கே ஏதோ வேலை நடந்தபோது குப்பையில் கொட்டிய காரைத் துண்டை எடுத்து வைத்திருந்தார். அந்தக் கட்டடமும் இப்போது இல்லை.

அப்பா போன பிறகு தகர டப்பாவைத் திறந்தால் ஐந்து துண்டுகள். காரை எதுவென்று எனக்குச் சொல்லியிருந்தார். மற்ற நான்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கட்டைவிரல் அளவு கருங்கல் ஒன்று. பூ வரைந்த ஓட்டுச் சில்லு ஒன்று. வளைந்த இரும்புக் கொக்கி. பெட்ரோமாக்ஸ் தொங்கவிட்டதாக இருக்கலாம். அப்பா விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்க்கிறவர், சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் எங்கே போட்டாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். கடைசியாக, ஒரு பக்கம் கருகிய மரத்துண்டு. அதை மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்தார். எந்த மேடை அது, ஏன் கருகியது?

அம்மாவும் இல்லை, பெரியண்ணனும் இல்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், அத்தை வழிப் பேரன்கள், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தார் யாராவது அந்த மரத்துண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படத்தை அவர்களிடம் காட்டுங்கள். நான்கின் படமும் கீழே போட்டிருக்கிறேன். நான்கு லேபிள் வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.