ஏக்கருக்கு எத்தனை பெட்டி?

உடுமலை, குடிமங்கலம் பக்கம் தக்காளி போடுறவங்க முதலில் கேட்பது, "எந்த ரகம் நல்லா காய்க்கும்?" வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் பிகேஎம் 1 ஹெக்டேருக்கு 30–35 டன், கோ 3 வீரிய ஒட்டு 90 டன்னைத் தாண்டும்.

அந்த 90 டன்னுக்குச் சொட்டுநீர், கரையும் உரம், குச்சி நட்டுக் கயிறு கட்டும் கூலி எல்லாம் வேணும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் (பிஏபி) தண்ணீர் மண்டலம் மாறி மாறித்தான் வரும். நடுவில் கிணறு கைவிட்டால் போட்ட முதலும் போச்சு. பறிக்கிற ஆளுங்களும் பனியன் கம்பெனி வண்டியில் ஏறிப் போயிடறாங்க.

காம்போரம் பச்சை படர்ந்த பிகேஎம் 1 பழம் தூரத்து லாரிப் பயணத்தைத் தாங்கும். இலைச்சுருட்டு வந்த காட்டுக்கு, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கைத்தான் நான் சொல்வேன். வாடல், கருகலையும் தாங்கும். நாற்றுக்குச் சொல்லும் முன்னாடி கிணற்றை எட்டிப் பாருங்க.